வால் விடாத நரம்புகள்

...நான் தட்டைச் சரியா கழுவலையாம்! கேட்டியா இந்த அநியாயத்த? பதினோரு வருஷமா இந்த லேப்ல, இதே தொட்டியில கழுவுறேன். ஒரு குறை வந்திருக்குமா? நீ இன்னிக்குத்தானே சேர்ந்திருக்க, உக்காரு தங்கச்சி. டீ ஆறிடப்போகுது.

நம்ம மேடம் சீனாவுலேர்ந்து ஒரு வேர் வரவழைச்சாங்க. அங்க காலங்காலமா மருந்தாம். அதைக் காய்ச்சி வடிகட்டி, பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சாங்க. தட்டுல வளர்க்குற எலியோட நரம்பு செல்லு மேல சொட்டு சொட்டா விட்டா... அடேயப்பா! மூணே நாள்ல ஒவ்வொண்ணும் நீள நீளமா வால் விடுது! "அக்கா, நரம்பு வளருது பாருங்க"ன்னு மைக்ராஸ்கோப்புல எனக்கும் காட்டுனாங்க. பக்கத்துத் தட்டுல மருந்துக்குப் பதிலா வெறும் தண்ணி. அது மொட்டையா கெடக்கு.

எனக்கு உடனே எங்க வீட்டுக்காரர் நெனப்புதான். தையல்காரர். ஒரு வருஷமா வலது பாதம் மரத்துப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடந்து வர்ற மனுஷன்! டாக்டர் மாத்திரை குடுத்தார், இவர் எங்க ஒழுங்கா... சரி, அதை விடு.

அப்புறம் பாரு, கொஞ்சம் கொஞ்சமா செல்லு வால் விடுறதே நின்னுபோச்சு! மேடம் வேர் அனுப்புனவன்கிட்ட சண்டை போட்டாங்க. செல்லை மாத்துனாங்க. கடைசியில பழி என் தலையில! மருந்து ஊத்துன தட்டும் தண்ணி ஊத்துன தட்டும் ஒண்ணு போலவே இருக்காம். ஏன் இருக்காது? ரெண்டும் தண்ணின்னா ஒண்ணு போலத்தானே...

ஐயோ.

அந்த மருந்து பாட்டில்லேர்ந்து தெனம் ரெண்டே ரெண்டு மூடிதான் எடுத்தேன் தங்கச்சி! வீட்டுக்காரருக்கு. எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சேன். நெறம் வெளுத்துச்சேன்னு ரெண்டு சொட்டு டீ... என்ன, கால் சரியாச்சான்னா? பாதம் அப்படியேதான் இருக்கு. வயித்துக்குத்தான் நல்ல உணர்ச்சி, நாளைக்கு ஆறு தடவை ஓடுறார்!

மேடம் இந்த ஆராய்ச்சியையே இழுத்து மூடப்போறாங்களாம். ஸ்டோர் ரூம்ல நின்னு அழுதாங்க. பாவமா இருந்துச்சு. சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். "தட்டை ஒழுங்கா கழுவுங்கக்கா"ன்னாங்க பாரு, ரோஷம் வந்துடுச்சு!

ஏம்மா, எந்திரிச்சிட்ட? பாத்ரூம் இந்தப் பக்கம்... அது மேடம் ரூமு! தங்கச்சி, கதவைத் தட்டாத! நீ சொன்னா நான் திருடி ஆயிடுவேன்... இரும்மா, இரு, நானே வந்து சொல்றேன்!