பஞ்சுக்கை

இல்ல, இல்ல, நீங்க வாயைத் திறக்காதீங்க கண்டக்டர் சார். பேசினா இருமல் வருதுன்னுதானே டாக்டரம்மா வாயைக் கட்டிப் போட்டிருக்காங்க? தலையை ஆட்டுங்க, எனக்குப் புரியும். முப்பது வருஷம் பஸ்ஸுல கத்தினது போதும், கொஞ்சம் ஓய்வு குடுங்க. நான் பேசறேன். என்னைப் பேசாதேன்னு சொன்னாத்தான் எனக்கு மூச்சு முட்டும்.

ஆமா, பார்த்தேன். பையெல்லாம் கட்டி ரெடியா வெச்சுட்டீங்க. செருப்புகூட வாசலைப் பார்த்துத் திரும்பி நிக்குது. மதியம் மகன் வண்டியோட வரார், பதினோரு நாள் பேத்தியை முதல் தடவையா கையில வாங்கப் போறீங்க. நர்ஸுங்க எல்லாரும் இதையேதான் பேசறாங்க. போட்டோவை என்கிட்ட மட்டும் நாலு தடவை காட்டிட்டீங்களே. சரி சரி, காட்டுங்க, அஞ்சாவது தடவையும் பார்க்கறேன். அடடா, அப்படியே உங்க மூக்கு. பாவம், வளர வளர சரியாயிடும்.

சிரிக்காதீங்கன்னா கேக்கறீங்களா? பாருங்க, வந்துடுச்சு. மெதுவா, மெதுவா. கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க. இந்தக் கிளிப்பை விரல்ல மாட்டுங்க பார்க்கலாம். ஆக்ஸிஜன் தொண்ணூத்திமூணு. நேத்து தொண்ணூத்தஞ்சு காட்டுச்சு. ஒண்ணுமில்லைன்னு கையை ஆட்டாதீங்க சார். ஜுரம் விட்டுச்சுன்னா அது மாத்திரை போட்டதால விட்டுச்சு.

டாக்டரம்மாவுக்கு உங்களை விட மனசே இல்ல, தெரியுமா? நேத்து எக்ஸ்ரேயைத் தூக்கிக்கிட்டு நேரா எங்க லேபுக்கே வந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி இருக்கு, நெஞ்சு ஆமாங்குது, உங்க பேப்பர் இல்லைங்குது, நான் எதை நம்பறதுன்னு கேட்டாங்க. நீங்க வேற, ரெண்டு தடவை மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் பண்ணியும் தொத்து வியாதி இல்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு அவங்ககிட்ட ஒத்தைக் கால்ல நின்னிருக்கீங்க. கட்டிலுக்கும் ஆள் காத்துக்கிட்டு இருக்கு. சரின்னுட்டாங்க.

நல்ல கேள்வி. கையாலேயே கேட்டாலும் நல்ல கேள்வி. வியாதி இருந்தும் இல்லைன்னு எப்படி வரும்? வரும் சார். ரொம்ப சீக்கிரம் எடுத்தா கிருமி பெருகியிருக்காது. லேட்டா எடுத்தா மூக்கைக் காலி பண்ணிட்டு நெஞ்சுக்குக் குடி போயிருக்கும். எடுத்ததை ஐஸ் பெட்டியில வைக்காம மறந்தாலும் போச்சு. இன்னொரு காரணமும் இருக்கு, அதுக்கு வரேன்.

இந்த ஆஸ்பத்திரியில எனக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். பஞ்சுக்கை. பத்தொம்பது வருஷமா மூக்குலயும் தொண்டையிலயும் குச்சி விடறேன், ஒருத்தர் ஆன்னு கத்தினது கிடையாது. குழந்தைங்க என் மடியிலயே தூங்கியிருக்கு. பஞ்சுக்கை டூட்டியில இருக்காங்களான்னு கேட்டுக்கிட்டு வரவங்க உண்டு. சின்னதா ஒரு கர்வம் இருந்துச்சுன்னே வெச்சுக்கங்களேன். சரி, பெருசாவே இருந்துச்சு.

போன மாசம் இன்னொரு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு அண்ணனை மாத்திப் போட்டாங்க. ஆளு கதவு அகலம். அவர்கிட்ட போனவங்க கண்ணுல தண்ணியோடதான் வெளியே வருவாங்க. நான்தான் அவருக்குக் கடப்பாரைன்னு பேரு வெச்சேன். பேஷண்டுங்க அவர் வரிசையில இருந்து நைசா நழுவி என் வரிசைக்கு வருவாங்க. நானும் வாங்க வாங்கன்னு சேர்த்துக்குவேன். அவர் பாவம், தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பார்.

உங்களுக்கு ரெண்டு ரூம் தள்ளி ஒரு தையல்காரர் இருக்காரே, அவருக்கும் இதே கதைதான். இதே இருமல், ரெண்டு தடவை இல்லைன்னு பேப்பர். நேத்து டாக்டரம்மா மூணாவது தடவை எடுக்கச் சொன்னப்போ நான் சாப்பிடப் போயிருந்தேன். கடப்பாரை போய் எடுத்தார். சாயங்காலம் ரிசல்ட் வருது, இருக்குன்னு.

எனக்கு வந்துச்சே கோபம். டியூபை மாத்தி வெச்சிருப்பீங்க, லேபிளை மாத்தி ஒட்டியிருப்பீங்கன்னு எல்லார் முன்னாடியும் அவரைப் பிடிச்சுக் காய்ச்சி எடுத்துட்டேன். மனுஷன் நிதானமா எல்லாத்தையும் கேட்டுட்டு, நீங்க எவ்வளவு தூரம் விடறீங்கன்னு மட்டும் கேட்டார். நான் ரோஷத்துல நாற்காலியில உக்காந்து மூக்கை நீட்டிட்டேன். எங்க, நீங்க எப்படி எடுக்கறீங்கன்னு பார்ப்போம், எடுங்கன்னேன்.

எடுத்தார் சார். என்னத்தைச் சொல்ல. குச்சி பின்மண்டை வழியா வெளியே வந்துடும்னு நினைச்சேன். அவர் பாட்டுக்கு நிதானமா ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணறார். நான் நாற்காலிக் கையைப் பிடிச்ச பிடியில நகம் உடைஞ்சு போச்சு, இதோ பாருங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா நான் எத்தனை எண்ணறேன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி வந்துடுச்சு.

மூக்குத் துவாரத்துல இருந்து காது வரைக்கும் எவ்வளவு தூரமோ அதுல பாதி போகணும், அங்கேயே வெச்சுப் பத்து எண்ணணும். படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா ஜனங்க முகம் சுளிக்கும், கண்ணு கலங்கும், எனக்குத் தாங்காது. கொஞ்சம் கம்மியா விட்டேன். பத்து எட்டாச்சு, எட்டு அஞ்சாச்சு. இப்போ மூணுலயே எடுத்துடறேன்னு எனக்கே நேத்துதான் தெரியும். நம்பவே முடியல, குச்சி இல்லாம வெறும் கையால எடுக்கற மாதிரி செஞ்சு எண்ணிப் பார்த்தேன். மூணுதான்.

உங்க பாஷையில சொல்றேன். கண்டக்டர் படிக்கட்டுலயே நின்னுக்கிட்டு டிக்கெட் டிக்கெட்டுன்னு கேட்டா, பின் சீட்டுல குனிஞ்சு உக்காந்திருக்கிறவன் மாட்டுவானா? ஜனங்களுக்கு வேணா, இடிக்காம தள்ளாம போறாரு, தங்கமான கண்டக்டர்னு தோணும். ஆனா அவன் ஜாலியா கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து உங்களோடயே இறங்குவான்.

ஆமா சார், உங்களுக்கு எடுத்ததும் நான்தான். ரெண்டு தடவையும். பஞ்சுக்கை வந்தாத்தான் மூக்கை நீட்டுவேன்னு அடம் பிடிச்சீங்க, நானும் பெருமையா ஓடி வந்தேன். வலிச்சுதா? இல்லைல்ல. அதான் விஷயம். நீங்க பையைக் கட்டினது என் கையை நம்பித்தான்.

காலையில டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். என் கையால எடுத்து, இல்லைன்னு வந்தும் இன்னும் இருமிக்கிட்டு இருக்கிறவங்க லிஸ்டையும் குடுத்துட்டேன். ஒன்பது பேரு. வெக்கமாத்தான் இருந்துச்சு. அவங்க திட்டல. இன்னைக்கே எல்லாருக்கும் திரும்ப எடுங்கன்னாங்க, லிஸ்ட்ல உங்க பேருக்குத்தான் முதல்ல வட்டம் போட்டாங்க. பதினோரு நாள் குழந்தை சார். இதுலயும் இல்லைன்னு வந்தா உங்க பையை நானே தூக்கிக்கிட்டு வண்டி வரைக்கும் வரேன். இருக்குன்னு வந்தா, நாலு நாள் போட்டோவிலயே கொஞ்சிக்கங்க. ஆறாவது தடவையும் நான் பார்க்கறேன்.

அட, மூக்கை இப்பவே ஏன் நீட்டறீங்க? நான் எடுக்கப் போறதில்ல. என் கைக்கு இன்னும் பழைய புத்தி போகல. உங்க கண்ணு கலங்கினா வெளியே இழுத்துடும்.

அண்ணே, உள்ள வாங்க. சார் ரெடி.

முறைக்காதீங்க கண்டக்டர் சார், தலையைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சுக்கங்க. என் கையை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்க, நகம் போனாலும் பரவாயில்ல. அண்ணே, நீங்க குச்சியை விடுங்க, எண்ணறது நான். இன்னைக்குப் பத்து வரைக்கும் எண்ணுவேன்.