இடது பக்கத்துச் சீற்

தேநீருக்குச் சீனி வேண்டாம், ஐயா. அண்ணருக்குச் சீனி வருத்தம் வந்த நாளில் நானும் விட்டுவிட்டேன்.

அண்ணர் ஏரம்புவை வட்டக்கச்சியில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய பழைய ஒஸ்ரின் காரை அதைவிட நன்றாகத் தெரியும். அவர் ஓட்டுவார். நான் இடது பக்கத்துச் சீற்றில் இருப்பேன், கண்ணாடி துடைப்பேன், கேற் திறப்பேன். வாலிபத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கக் காரின் திறப்பைக் கேட்டேன். "உனக்குக் கை நடுங்குமடா" என்றார். எனக்கு அப்போதும் நடுங்கியதில்லை, இப்போதும் இல்லை. பாருங்கள்.

போன மாரிக்கு முன், தனியே வவுனியா போனவர் திரும்பும் வழியில் கனகராயன்குளத்தில் வழி தடுமாறிப்போனார். கடைக்கார நிஸார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கட அண்ணர் கிளிநொச்சி எந்தப் பக்கம் எண்டு கேக்கிறார். கெதியா வாங்கோ." பஸ் பிடித்துப் போனேன். அன்றுதான் முதன்முதல் அந்தக் காரை நான் ஓட்டினேன். அண்ணர் இடது பக்கத்துச் சீற்றில் இருந்தார். சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

இரத்தத்தில் சீனி இறங்கியதுதான் காரணம், மூளையில் பிழையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே அண்ணர் திறப்பை வாங்கிக்கொண்டார். மனிதனுக்கு எண்பது வயதாகிறது. தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். யாராவது யோசிக்க வேண்டாமா?

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் வவுனியா வீதியில் வாகனம் போகாது, உங்களுக்கே தெரியும். அண்ணர் திறப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குவார். பிள்ளையாருக்கு முன்னால் களவு நடக்காது என்று அவருக்கு நம்பிக்கை. கும்பிட்டுவிட்டு வந்தால், காரின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வீடு என்று ஓட்டுவார். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவர் தேங்காய் உடைக்கப் போன நேரம் நான் காரை எதிர்ப்பக்கம், தெற்கே திருப்பி விட்டேன். அவ்வளவுதான்.

வந்தார், ஏறினார், ஓட்டினார். மாங்குளம் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

"தம்பி, இது மாங்குளமெல்லே? நாங்கள் வீட்டையெல்லோ போறம்?"

"நீங்கள் எங்கயோ அலுவலாப் போறியள் எண்டு நினைச்சன், அண்ணை."

காரை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் இருந்த கை நடுங்கியது. பிறகும் இரண்டொரு தரம் திருப்பினேன். கடைசியில் திறப்பை அவரே என் கையில் வைத்தார். தம்பியுடையான் படைக்கஞ்சான் என்று ஊரே என்னை மெச்சியது.

அதற்குப் பிறகு எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்தார். கிணற்றடி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டார். மனம் ஒரு பக்கம் சொன்னால் மறுபக்கம்தான் சரி என்று அவருக்குப் பழகிப்போயிற்று. நான் ஒரு நாளும் அவரை ஏசியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, "இண்டைக்கு நான் கொஞ்சம் காரை ஓடிப் பாக்கட்டே?" என்று கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, திறப்பைக் கொடுக்கவில்லை. முறிகண்டியில் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது காரைக் கச்சான் கடலைக் கடைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நேரம் தேடட்டும், ஆசை அடங்கும் என்று நினைத்தேன்.

தேடினார். கச்சான் விற்கிற கமலேஸ்வரியோடு ஏதோ கதைத்தார். அண்ணர் என்ன சொன்னார் என்று அவா உங்களுக்கும் சொல்லியிருப்பா. "வீடு வடக்கால எண்டு மனம் சொல்லுது, பிள்ளை. அப்ப தெற்காலதான் இருக்கும்."

தெற்கே நடந்தார். நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். ஆனால் கூப்பிட்டால் காரை ஒளித்தது தெரிந்துவிடும், பழையதெல்லாம் அவருக்கு விளங்கிவிடும், திறப்பைத் திருப்பிக் கேட்பார். அதனால் கூப்பிடவில்லை. அவர் பார்வைக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் லொறியின் பிரேக் சத்தம் கேட்டது.

லொறிக்காரரில் பிழையில்லை, அவரை விட்டுவிடுங்கள். அண்ணரை அந்தத் தெருவில் நடக்க விட்டவன் நான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான், ஐயா. நாளைக்கு அண்ணருடைய பிரேதத்தை எடுக்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் அந்தக் கார் போகாவிட்டால் சரியில்லை. அது எல்லாருடைய கைக்கும் அடங்காது. நீங்கள் வாங்கி வைத்திருக்கிற அந்தத் திறப்பை இப்படித் தாருங்கள்.