கட்டிலுக்குப் பின்னாடி

இல்லம்மா, அதை எடுக்காதீங்க! விடுங்க, விடுங்க. தூசியை எடுங்க, ஒட்டடையை எடுங்க, வேணாம்னு சொல்லல. கட்டில் கால்ல கட்டியிருக்கே அந்த நூலு, அது மட்டும் அப்படியே இருக்கட்டும். துணியை வாளியில போட்டுட்டு இப்படி வந்து உக்காருங்க. நாற்காலியிலதாம்மா, பரவால்ல. தரையில வேணாம், இந்த மாதிரி கம்பளத்தோட லட்சணம் எனக்குத் தெரியும்.

கட்டிலை நகத்த ஒரு கை குடுங்கன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். முட்டி ஆபரேஷன் பண்ணி நாலு மாசம் ஆகுது, தனியா தள்ள முடியல. உதவிக்கு வந்தவங்க இப்படி மூஞ்சி வெளுத்துப் போய் நிக்கறீங்களே, எதுக்குப் பயம்? ஓ, இந்த ஃபாரத்தைப் பாத்துட்டீங்களா.

சரி, பாத்தாச்சு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. நாங்க ஊர் சுத்திப் பாக்க வந்த புருஷன் பொண்டாட்டி இல்லம்மா. புருஷன் பொண்டாட்டிதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஊர் சுத்த வரல. ஹோட்டல்காரங்க யாருக்கும் தெரியாம வந்து தங்கி, எங்க அழுக்கு, எங்க முடி, எங்க பூஞ்சைன்னு பாத்து மார்க் போடற கம்பெனி ஒண்ணு இருக்கு. அதுல வேலை. தனி ஆளா வந்தா சந்தேகப்படுவாங்கன்னு ஜோடி ஜோடியாத்தான் அனுப்புவாங்க. இருபத்திரண்டு வருஷம். எத்தனை நாடுன்னு எனக்கே எண்ணிக்கை விட்டுப் போச்சு.

குடுத்து வச்சவங்களா? நீங்களும் அப்படியே சொல்றீங்களே! எங்க நாத்தனாரும் இதேதான் சொல்வா. அண்ணி, உங்களுக்கென்ன, உலகத்தையே பாத்துட்டீங்கன்னு. என்னத்தைப் பாத்தேன்? உலகத்துல இருக்கற கக்கூஸைப் பாத்தேன். ஒரு தீவுக்குப் போனோம், ஜன்னலைத் திறந்தா கடல், அவ்வளவு நீலம். இவரு குளியலறையில மண்டி போட்டு, டார்ச் அடிச்சு, டைல்ஸ் சந்துல கறுப்பு எத்தனை இடத்துலன்னு எண்ணிக்கிட்டு இருக்காரு. நான் எழுதிக்கிட்டு இருக்கேன். மூணு நாள் அங்க இருந்தோம். கடல்ல கால் நனைக்கலம்மா நான்.

பூதக்கண்ணாடின்னு பேரு வச்சிருக்கேன் அவருக்கு. மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவேன். தலகாணியை மோந்து பாப்பாரு. முடி கிடைச்சா சின்னப் பிளாஸ்டிக் பையில போட்டு, தேதி எழுதி, சட்டைப் பையில வச்சுக்குவாரு. அப்படியே கீழ போய் சாப்பிட உக்காருவோம். நான் ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டு இருப்பேன், தட்டுக்குப் பக்கத்துல எவளோ ஒருத்தி தலைமுடியை எடுத்து வைப்பாரு. இது சாயம் அடிச்ச முடி, பாருன்னு காட்டுவாரு. குமட்டும். முதல் வருஷம் முழுக்க எனக்கு மசக்கைன்னே எங்க வீட்டுல நெனச்சிட்டு இருந்தாங்க.

சிரிக்காதீங்க. இன்னும் கேளுங்க. ரூம்ல கெட்டில் வைக்கறாங்கல்ல, தண்ணி கொதிக்க வைக்க, அதுல எவனோ காலுறையைப் போட்டுக் கொதிக்க வச்சிருந்தான். ஒரு காலுறை உள்ளயே கிடக்கு. நான் டீ போட்டுக் குடிச்சிட்டுத்தான் பாத்தேன். நட்சத்திர ஹோட்டல்மா அது! வாசல்ல நாலு பேரு குனிஞ்சு கும்பிடறான். இன்னொரு ஊர்ல கண்ணாடி டம்ளரைத் துடைக்கறதுக்கும் கக்கூஸ் விளிம்பைத் துடைக்கறதுக்கும் ஒரே துணி. கதவு இடுக்கு வழியா இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். அன்னிலேர்ந்து எங்க போனாலும் என் டம்ளர் என் பையில. டிவி ரிமோட்டை நான் தொட்டு பதினஞ்சு வருஷம் இருக்கும். மேல விரிச்சு வைக்கறாங்களே அலங்காரப் போர்வை, அதை ரெண்டு விரலால பிடிச்சு மூலையில எறிஞ்சாதான் எனக்கு மூச்சே வரும்.

உங்களைச் சொல்லலம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரூம்? பதினாறா! பதினாறு ரூம் குடுத்தா கட்டிலுக்குப் பின்னாடி யாரு கூட்டுவா? நானா இருந்தாலும் முன்னாடி மட்டும்தான் கூட்டுவேன்.

அந்த நூலா? அதுக்குத்தான் வரேன். அது குப்பை இல்ல, எங்க ஆளுங்க கட்டறது. ரூமைக் காலி பண்ணும்போது, சுவத்தை ஒட்டின கட்டில் கால்ல, யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு நூலைக் கட்டிட்டுப் போயிடுவோம். அடுத்த தடவை கம்பெனிலேர்ந்து யாராவது வந்து பாக்கும்போது நூல் அப்படியே இருந்தா, அந்தப் பக்கம் துடைப்பமே போகலன்னு அர்த்தம். பூஜ்யம் மார்க். ஆமாம்மா, நேரா அந்த மாடிக்குப் பொறுப்பா இருக்கறவங்க தலையிலதான் விடியும். எத்தனை பேரு வேலை போயிருக்கும்னு நான் நெனச்சுப் பாத்ததே இல்ல. இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாக்கும்போதுதான் நெஞ்சுல என்னமோ பண்ணுது.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம் குடுத்திருக்காங்க, யாரு வந்தாங்கன்னு தெரியணும்ல. அவருக்கு நீலம், எனக்கு சிவப்பு. கம்பெனி பூரா தேடினாலும் அந்த நீலம் அவரு ஒருத்தருக்குத்தான். ஜோடியா வந்ததுக்கு அடையாளமா ரெண்டு நூலையும் சேத்து முடிச்சுப் போடணும். அவருக்கு இடது கைப் பழக்கம், முடிச்சு இடது பக்கமா சாஞ்சிருக்கும். கல்யாணம் ஆன புதுசு, கட்டிலுக்குப் பின்னாடி ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக்கிட்டு முடிச்சுப் போடறோம், தூசி ஏறி நான் தும்மறேன், இவரு சொல்றாரு, பாத்துக்கோ, உலகம் பூரா நம்ம ரெண்டு பேரையும் கட்டி வச்சிட்டு வரோம்னு. அந்த ஆளுக்கு வாய்ல வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். நானும் அதை வச்சுக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்.

இல்ல, பொய் சொல்லக் கூடாது, இன்னொண்ணும் உண்டு. பனி கொட்டற ஊரு ஒண்ணு. எனக்குக் காய்ச்சல், வாந்தி. ரூம் பூரா வாந்தி. பக்கத்துல போனாலே கை கழுவினியான்னு கேக்கற மனுஷன், உறை கூடப் போடாம, வெறுங்கையால அள்ளினாரு. மூஞ்சியைச் சுளிக்கல. என் வாயைத் துடைச்சு விட்டாரு. அன்னிக்குத்தான் நெனச்சேன், இந்த ஆளு எப்படி இருந்தாலும் என் ஆளுதான்னு.

தண்ணி குடிக்கறீங்களா? என் டம்ளர்தான், கழுவினது. குடிங்க.

இந்தக் கட்டில் புதுசு போல இருக்கே. எப்போ மாத்தினாங்க? ரெண்டு மாசமா? நல்லாத் தெரியுமா? ஆமா, நீங்கதானே அன்னிக்கு அட்டையெல்லாம் அள்ளிப் போட்டிருப்பீங்க. அப்போ ரெண்டு மாசத்துக்குள்ள கட்டின நூல்தான். சரி.

நாங்க எப்போ வந்தோமா? நேத்து மதியம். இந்த ஊருக்கு வந்ததே இல்லம்மா, இதான் முதல் தடவை. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் வெளிய கிளம்பினதும் இதான் முதல் தடவை. நாலு மாசம் வீட்டுல கிடந்தேன். தனி ஆளா அனுப்ப மாட்டாங்கன்னு அவரும் ஊர் சுத்தலை நிறுத்திட்டாரு. ஆபீஸ்ல புதுசா சேந்தவங்களுக்குப் பாடம் எடுக்கறேன்னாரு. வாரத்துல மூணு நாள் அங்கயே தங்கிடுவாரு. பாவம் மனுஷன், எனக்காக இப்படி ஒரே இடத்துல உக்காந்துட்டாரேன்னு போன்ல அழுதிருக்கேன் நான்.

நேத்து வந்ததும் ஒண்ணு நடந்துது. நான் குளிக்கப் போறேன், பழக்கத்துல இடது குழாயைத் திறக்கறேன். இவரு வெளியிலேர்ந்து குரல் குடுக்கறாரு, அது பச்சைத் தண்ணி, இங்க வலது பக்கம்தான் சுடுதண்ணின்னு. பூதக்கண்ணாடிக்குத் தெரியாதது உண்டா, வந்ததுமே பாத்திருப்பாருன்னு விட்டுட்டேன். காலையில வராண்டாவுல நீங்க அவரைப் பாத்து சிரிச்சீங்க. நல்லா, தெரிஞ்சவரைப் பாத்து சிரிக்கற மாதிரி. அவரு சுவத்தைப் பாத்துக்கிட்டுப் போனாரு. அதுவும் சரி, வேலைக்காரங்கன்னா மரியாதை தெரியாத ஆளுன்னு எனக்குக் கூசிப் போச்சு.

அப்புறம் சாப்பிட்டு மேல வந்தோம். கீழ சமையல்கட்டைப் பாத்துட்டு வரேன், நீ கட்டிலுக்குப் பின்னாடி எல்லாம் குனியாத, உன் முட்டி தாங்காது, நான் வந்து பாத்துக்கறேன்னாரு. கேட்டீங்களா? முடிச்சுப் போடற நேரம் தவிர, இருபத்திரண்டு வருஷமா கட்டிலுக்குப் பின்னாடி குனியறது நான்தான். அவருக்குத் தொப்பை, குனிஞ்சா மூச்சு வாங்கும். முட்டி வீங்கிப் போய் நான் நொண்டின காலத்துலயும் அந்த வேலை எனக்குத்தான். இன்னிக்கு அவரே குனியறேன்றாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சும்மா. அவ்வளவு பெரிய மனுஷன் எனக்காகக் குனியணுமா, அவரு வர்றதுக்குள்ள நாமளே முடிச்சிடலாம்னுதான் வராண்டாவுல நின்ன உங்களைக் கூப்பிட்டேன்.

அவருக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு.

நீங்க கீழ பாத்துக்கிட்டே இருக்கீங்களே. என்னை நிமிந்து பாருங்கம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. ரெண்டு மாசத்துல எப்பவோ வந்தாருல்ல? இதே ரூம்லதானே? ம். கூட ஒரு பொண்ணு. என்ன வயசு இருக்கும்? சரி, வேணாம், வயசு வேணாம். ஆபீஸ்ல பாடம் படிக்க வந்த பொண்ணா இருக்கும், வேலையா வந்திருப்பாங்க, அப்படித்தானே? சொல்லுங்க. என்னது? புதுசா கல்யாணம் ஆனவங்கன்னு நெனச்சீங்களா.

சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களா. ரெண்டு பேருமா? இவரு சிரிச்சாரா?

அந்த அலங்காரப் போர்வை மூலையில கிடந்துதா, கட்டில் மேலயே இருந்துதா? பரவால்ல, சொல்லுங்க. மேலயே இருந்துதா. அதுல நான் உக்காந்துட்டாக் கூட எழுந்திரு எழுந்திரு, எவன் உருண்டானோம்பான். சேலையை மாத்தச் சொல்லுவான். இருபத்திரண்டு வருஷமா நான் பாத்த கெட்டிலு, கம்பளம், காலுறை எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லம்மா.

அழல. அழற மாதிரியா இருக்கேன்? அருவருப்பா இருக்கு, அவ்வளவுதான்.

நல்லா குனிஞ்சு பாருங்க அந்த நூலை. முடிச்சு இடது பக்கமா சாஞ்சிருக்கா? ஒண்ணு நீலம். கூட இருக்கறது என்ன நிறம்? மஞ்சள்தானே? எனக்குத்தான் கண்ணு சரியில்லையோன்னு உங்களைக் கேக்கறேன். மஞ்சள். என்னோடது சிவப்புன்னு சொன்னேன்ல.

யாரையாவது கூட்டிட்டு வந்திருந்தா வந்துட்டுப் போகட்டும்மா. ஆம்பளை புத்தின்னு காறித் துப்பிட்டு இருந்திருப்பேன். ஆனா அவளுக்கு ஒரு நிறத்தைக் குடுத்து, கட்டிலுக்குப் பின்னாடி குப்புறப் படுக்க வச்சு, முடிச்சுப் போட்டிருக்கான். அவளும் தும்மியிருப்பா. இவன் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. உலகம் பூரா போய் எவ கூட்டல, எவ துடைக்கலன்னு எழுதறதையே தொழிலா வச்சிருக்கற ஆளு. யாரையும் நம்ப மாட்டான். இந்த ஒரு ரூமை மட்டும் நீங்க கூட்டியிருப்பீங்கன்னு நம்பி என்னைக் கூட்டிட்டு வந்திருக்கான். சந்தேகம் வந்ததும் நான் குனியறேன்னு ஓடி வரப் பாக்கறான்.

இங்க பாருங்க, உங்க முன்னாடியே எழுதறேன். கட்டிலின் பின்புறம், மிகச் சுத்தம். முழு மார்க். இந்த ஃபாரத்துல நான் எழுதின முதல் பொய்மா இது. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க. நீங்க மட்டும் ஒழுங்கா கூட்டியிருந்தா நான் சாகற வரைக்கும் இந்த ஆளுக்குத் தும்மிக்கிட்டு இருந்திருப்பேன்.

இப்போ அந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா, நூல் மேல இடிக்காம தள்ளுங்க. போதும். முன்னாடி இருந்த மாதிரியே இருக்குல்ல? சரி. நான் இந்த நாற்காலியிலேயே உக்காந்திருக்கேன். அவரு வரட்டும். மூச்சு வாங்கிக்கிட்டே குனியட்டும். ஒண்ணும் இல்லன்னு எழுந்திரிச்சு வந்து என் முட்டியைத் தடவிக் குடுக்கறாரான்னு பாக்கணும்.

லிஃப்ட் வர்ற சத்தம் கேக்குது. கிளம்புங்கம்மா, வாளியை எடுத்துக்கங்க. அவரு எதிர்ல வந்தா சிரிக்காதீங்க. இருங்க, ஒரு நிமிஷம். அந்த நூலைத் தொட்டுட்டீங்கல்ல? போனதும் சோப்பு போட்டு, நல்லாத் தேச்சு, கையைக் கழுவிடுங்க.