சஹ்ரூன் துறை

இது ரொம்ப முந்தி நடந்தது. டைகிரிஸும் யூப்ரடிஸும் கூடுற நாணல் சீமையில, நம்ம மண்டேயச் சனம் பொழைச்ச ஒரு ஊரு. அங்க சஹ்ரூன்னு ஒருத்தர் படகு கட்டுவார். நம்ம பாட்டனுக்குப் பாட்டனாம். அவர் பொண்டாட்டி அன்ஹார் காய்ச்சல்ல போயிட்டா.

நம்ம சனத்துல செத்தவங்களுக்கு அழக் கூடாது, தெரியுமில்ல? உசிரு ஒளி ஒலகத்துக்கு நாப்பத்தஞ்சு நாள் மேல ஏறும். கடைசியில உசிர நிறுத்துப் பாக்குற அபாதூர் தராசு வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பார். ஒளியாலேயே ஆன உத்ராக்கள் எதிர்ல வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா இங்க நாம விடுற கண்ணீரு, அங்க ஆறா குறுக்க ஓடுமாம். உசிரு இக்கரையில, உத்ராக்கள் அக்கரையில.

மனுசன் என்ன செய்வார்? அழுகை வந்தா, படகுக்குப் பூசுற கீலைக் காய்ச்ச ஒக்காந்துருவாராம். கேட்டா, கண்ணுல புகைம்பாராம். காய்ச்சுவார், பூசுவார், கண்ணத் தொடைப்பார். மறுபடி காய்ச்சுவார், பூசுவார், கண்ணத் தொடைப்பார். ஒரே படகுக்கு ஏழு தடவை பூசியாச்சு. கனம் தாங்காம அது அப்புறம் முங்கிப் போச்சுன்னும் சொல்லுவாங்க, நெசமோ பொய்யோ.

நாப்பத்தஞ்சாம் நாள் காலையில குரு பிஹ்ராம் வந்தார். கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொன்னார்: "சஹ்ரூன், அந்தப் படகுல ஓட்டையே இல்லப்பா."

அவ்வளவுதான், மனுசன் ஒடைஞ்சுட்டார். "ஐயா, அவளுக்கு நீச்சல் தெரியாது. படகு கட்டுறவன் பொண்டாட்டி, படகில்லாம நிக்கிறா. அந்த ஆத்தை வெட்டி விட்டதே நாந்தான்."

திட்டுவார்னு நெனைச்சா, குரு அவர் கையப் புடிச்சு ஆத்துக்குள்ள எறக்கினாராம். "ஓடுற தண்ணி அத்தனையும் ஒளி ஒலகத்துலருந்துதான் வருது. இதுல விழுந்த கண்ணீரு தனி ஆறா நிக்காது. மூஞ்சிய முக்கிட்டு அழு. நான் நிக்கிறேன்."

உச்சி சாயுற வரைக்கும் அழுதாராம். மூச்சுக்கு மட்டும் தலையத் தூக்குவாராம். குரு அப்படியே நின்னாராம். இது எந்த வேத ஏட்டுல இருக்குன்னு அவரை யாரும் கேக்கல.

அன்ஹார் கரையேறினாளா? பாத்தவங்க யாரு. ஏறினான்னுதான் நான் சொல்லுவேன். அன்னைக்கு அவ பேருக்கு வச்ச ரொட்டியையும் மீனையும் சஹ்ரூன் ருசிச்சுச் சாப்பிட்டாராம்.

அதுலருந்து அது சஹ்ரூன் துறை. அங்க யாராச்சும் மூஞ்சிய முக்கிட்டு நின்னா, பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். குளிச்சது போதும், வான்னு கூப்பிடக் கூடாது. எங்கம்மா போனப்ப நானும் அங்க எறங்கினேன். என் பொண்டாட்டி துண்டோட ரொம்ப நேரம் நின்னா.