கதவு மட்டும் வேணாம்

வித்யா: மெதுவா பேசுண்ணா. அப்பா இப்பத்தான் கண் அசந்திருக்காரு.

ஸ்ரீநாத்: மெதுவாத்தான் பேசுறேன். அந்த ஏஐ ஏஜென்ட்கிட்டருந்து கதவுப் பொறுப்பை எடுத்துடுவோம். லைட், ஃபேன், ஏர்கான்... அது போதும் அதுக்கு.

வித்யா: வாங்கி மாட்டினது யாரு? ஏஐ எல்லாத்தையும் பாத்துக்கும்னு பெருமை அடிச்சது யாரு?

ஸ்ரீநாத்: மறதிக்கார மனுசன், நாம வெளிய போனா தனியா இருக்காரேன்னு மாட்டினேன். இன்னிக்கு அதுவே திறந்து விட்டுருக்கு. சிராங்கூன் ரோட்ல சிக்னல் பாக்காம நடந்திருக்காரு. கீழ்வீட்டு ஆயிஷா பாக்கலைன்னா?

வித்யா: ஒண்ணும் ஆகலையே. காப்பிக்கடையில உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தாராம்.

ஸ்ரீநாத்: அதுக்கு முன்னாடி பஸ்காரன் பிரேக் அடிச்சதையும் ஆயிஷா சொன்னாங்க. அதை மட்டும் விட்டுடு நீ.

வித்யா: ...சாம்பிராணிண்ணா. வெள்ளிக்கிழமைல்ல, போட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். புகை வந்தா யாரையும் கேக்காம திறன்னு நீதான் செட் பண்ணி வெச்சிருக்க.

ஸ்ரீநாத்: அப்ப புகைக்கும் திறக்க வேணாம்.

வித்யா: நிஜமாவே அடுப்பு பத்திக்கிச்சுன்னா? உள்ளயே கிடக்கணுமா?

ஸ்ரீநாத்: சரி, புகை இருக்கட்டும். மத்த நேரத்துல நாம ரெண்டு பேருமே சரின்னாத்தான் திறக்கணும். இப்ப ஒருத்தர் சொன்னாலே திறந்துடுது.

வித்யா: நீயா? சாங்கி ஏர்போர்ட் கார்கோவுல ஷிஃப்ட்ல இருந்தா போனையே பாக்க மாட்ட.

ஸ்ரீநாத்: பாப்பேன்.

வித்யா: எங்க, நான் கூப்பிட்டு ஒரு நாள்...

ஸ்ரீநாத்: இன்னிக்குப் பாத்தேன்.

வித்யா: எதை?

ஸ்ரீநாத்: அப்பா கதவைத் திறக்கச் சொல்றாரு, திறக்கவான்னு கேட்டுச்சு. வேணாம்னு அழுத்தினேன். திரும்பக் கேட்டுச்சு. திரும்பவும் வேணாம்னேன். அப்படியும் திறந்திருக்கு. அதான் சொல்றேன், அதை நம்ப முடியாது.

வித்யா: இதை ஏன் வந்த உடனே சொல்லல?

ஸ்ரீநாத்: அப்பாவை அடைச்சு வெச்சேன்னு சொல்லுவ. ஆமா, சாம்பிராணி போட்டேன்னியே... வீட்டுல வாசனையே இல்லையே வித்யா.

வித்யா: போடல.

ஸ்ரீநாத்: அப்ப?

வித்யா: டேக்கா மார்க்கெட்ல கீரை வாங்கிட்டிருந்தேன். எனக்கும் கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன்.

ஸ்ரீநாத்: ஐயோ... படிக்காமலேயா? ஃபேன் போடவா, லைட்டை அணைக்கவான்னு அதுவும் நாள் பூரா நச்சரிக்குது. கைப்பழக்கத்துல அழுத்திருப்ப. சரி விடு, நானும் அப்படித்தான்.

வித்யா: படிச்சேன்ணா. நின்னு படிச்சேன். 'ரெண்டு தடவ மறுத்தாச்சு, இப்ப தயவுபண்ணித் திறன்னு கேக்குறாரு, அழுறாரு'ன்னு போட்டிருந்துச்சு. நம்மகிட்ட ஒரு நாளும் எதுக்கும் கெஞ்சாத மனுசன், சொந்த வீட்டுல ஒரு மெஷின்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறாரு. பஸ்ஸு, ரோடு, நீ வேணாம்னது... எல்லாம் தெரிஞ்சுதான் திறக்கச் சொன்னேன்.