டி.வி. இல்லாத வீடு

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே டி.வி. இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாங்க வக்கில்லாமல் அல்ல; இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் வாங்கவில்லை.

இப்போது வருகிற படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு தாடிக்காரன் முப்பது பேரை வெட்டிச் சாய்க்கிறான். சட்டை முழுக்க ரத்தம், தலைமுடி மட்டும் கலைவதில்லை. அவனுக்கு விசிலடிக்க நம் ஊர் விடலைகள் விடியும் முன்பே தியேட்டர் வாசலில் தவம் கிடக்கிறார்கள். காட்டாக்கடை சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மீசை சரியாக முளைக்காத பயல்கள் வாழைக்குலை வெட்டும் கத்தியைத் தோளில் வைத்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஒரு குலையை வெட்டிக் கொடு என்றால் கை நடுங்கும். இதுகளைப் பெற்றவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்துக்கு நான் செயலாளர். போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மனநல டாக்டரை வரவழைத்து விழிப்புணர்வு வகுப்பு நடத்தினேன். பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் கையால் செய்வார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். முதலில் கைதட்டியது நான். அதற்கப்புறம் வீட்டுச் சூழல், பெற்றோர் என்று ஏதோ இழுத்துக்கொண்டே போனார். நான் வடையும் டீயும் எடுத்துவைக்கப் போய்விட்டேன்.

என் மகன் ஜித்தினை அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான், வளர்ப்பு அப்படி. நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவனும் அவன் அம்மாவும் தங்கையும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியை நீங்கள் வேறெந்த வீட்டிலும் பார்க்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்கறியில் புளி கூடிவிட்டது. என் மனைவி லிஜாவுக்கு இப்படிப்பட்ட விஷயங்களைப் பதினேழு வருடமாக நான்தான் புரியவைத்து வருகிறேன். அன்றைக்கும் புரியவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை ஓங்கிய கை இறங்கவில்லை. ஜித்தின் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"அப்பா, போதும்," என்றான். "இனி அம்மைய அடிக்கப்பிடாது."

சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. பிடியை மட்டும் விடவில்லை. கதாநாயகன் அடியாளின் கையை நடுவழியில் பிடிப்பானே, அதே பிடி. சினிமாவில் அல்லாமல் வேறெங்கே கற்றிருப்பான்? பக்கத்து வீட்டு ஷிஜுவின் போனில்தான் களவாகப் பார்த்திருக்க வேண்டும். ஷிஜு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். அந்தத் தறுதலையின் சத்தியத்தை யார் நம்புவது? நான் ஒருநாளும் என் அப்பாவின் கையைப் பிடித்ததில்லை. என் அம்மை தரையில் கிடந்து அழும்போதெல்லாம் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

அன்று அவனை நான் தொடவில்லை. கோபத்தில் கை நீட்டுவது காட்டுமிராண்டித்தனம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், நல்ல தூக்கம்.

மறுநாள் ரப்பர் ஷீட் அடிக்க வேண்டிய நாள். வீட்டுக்குப் பின்னால் அதற்கான மிஷின் இருக்கிறது. இரண்டு இரும்பு உருளைகள், பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. உறைந்த ரப்பரை அவன் உருளைகளுக்குள் கொடுப்பான், நான் சுற்றுவேன்.

"எலே மக்கா, இஞ்ச வா," என்று கூப்பிட்டேன். வந்தான். பத்து ஷீட் அடித்தோம். பதினோராவதை அவன் எடுக்கும்போது, நேற்று என்னைப் பிடித்த கை எது என்று கேட்டேன். வலது என்றான். பொய் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை. என் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை உருளைகளுக்கு நடுவே வைத்தேன். வலது கையால் சுற்றினேன். எப்போதும் சுற்றுகிற வேகம்தான்.

"அய்யோ, பிள்ளைக்க கை!" என்று லிஜா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. அத்தனை பேரில் குரல் உயர்த்தாமல் நின்றது நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரியில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கை இனி கத்தி எடுக்காது. நாளைக்கு உங்களுக்கு ஒரு குற்றவாளி குறைவு.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும். உங்கள் ஜீப்பில் ஏறும்போது என் மகள் அபிஷா வாசலில் நின்றாள். ஏழு வயது. "வாறேன் மக்கா," என்று சொல்லி அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். சட்டென்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். அவளுக்கும் எவனோ களவாகப் படம் காட்டியிருக்கிறான். எந்தப் படத்தில் பார்த்துக் கற்றாள் என்று கண்டுபிடியுங்கள், மேடம்.