சாரல் மாத வருமானம்

சாரல் விழுகிற மாதங்களில் எனக்குப் பசி கூடிவிடும், சார். ஐந்தருவிச் சாலையில் பைக்கை நிறுத்தி நாலு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டால்தான் வேலை ஓடும். இசக்கிசெல்வியை முதலில் பார்த்ததும் அங்கேதான். தார்ப்பாய்க்குக் கீழே ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனியில் நான் களப்பணியாளர். பெயர் கோமதிசங்கர், எழுதிக்கொள்ளுங்கள். கடன் கேட்பவர் வீட்டுக்குப் போய் வருமானத்தை விசாரித்து, எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டாது என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமல் போட்டதே இல்லை.

எங்கள் பக்கத்தில் எப்போது அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தை நம்பிப் பிழைக்கிற எல்லோர் கையிலும் காசு புழங்கும். அதனால் அந்த இரண்டு மாதத்திலேயே வருடத்துக்கான விசாரணையை முடித்துவிடுவது எங்கள் கிளையின் வழக்கம். வடகரையில் அவள் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். புருஷன் பேச்சிராஜ் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். இடுப்பு விட்டுப்போய்ப் படுத்திருந்தான். ஏற்கெனவே இரண்டு கடன். இது அவன் ஆபரேஷனுக்கு.

மாத வருமானம் இருபத்துநாலாயிரம் என்று எழுதினேன். அவளே தடுத்தாள்.

"அது சீசனுக்கு மட்டுந்தான் சார். பொறவு பீடிதான் சுத்துதேன். வருசம் பூராவுமா சாரல் அடிக்கும்?"

"உள்ளத எழுதுனா கடன் வராதுக்கா. வேண்டாம்னா சொல்லுங்க, இங்கனயே கிழிச்சுப் போட்டுருதேன்."

உள்ளே புருஷன் முனகுவது கேட்டு எட்டிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். நான் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நடந்தது. அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கார்த்திகையில் தவணை நின்றது. குழுப் பெண்கள் இரண்டு வாரம் அவளுக்காகக் கட்டினார்கள். மூன்றாவது வாரம் அவர்களை நான்தான் அவள் வாசலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். ஒருத்தி உள்ளே போய்க் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இசக்கிசெல்வியிடமே ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

தவணையைத் தள்ளிவைக்க வழி இருந்தது. நான் ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதினால் மேலிடத்தில் பழைய விண்ணப்பத்தை எடுப்பார்கள். பீடி சுற்றுகிறவளுக்கு ஏது இருபத்துநாலாயிரம் என்று கேட்பார்கள். அதைப் பிரித்தால் அந்த ஆடியில் நான் எழுதிய அறுபது விண்ணப்பங்களையும் பிரிப்பார்கள். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. தையில் ஆடிட். நிலுவையில் நிற்கிற கடன்களைத்தான் தோண்டுவார்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் இன்சூரன்ஸ் பணம் வந்து கணக்கு முடிந்துவிடும். முடிந்த கணக்கை யாரும் திறப்பதில்லை.

மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய் அவளிடம் பேசினேன். பொறுமையாகத்தான் பேசினேன். அதற்கு இரண்டு நாள் கழித்து அவளைக் குளத்திலிருந்து எடுத்தார்கள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். கிளெய்ம் படிவத்தை நானே நிரப்பினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இன்சூரன்ஸைப் பற்றி அவள் கேட்டாள், நான் விளக்கினேன் என்று நேற்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். விதிகளை விளக்குவது என் கடமை. உள்ளே படுத்திருந்த பேச்சிராஜ் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்கிறீர்கள். அப்படியானால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டது, சீசன் வரும்வரை பொறுக்கச் சொல்லி மட்டும்தான். மற்றதை நானாகத்தான் சொன்னேன்.

"நீங்க இல்லன்னா கடனும் இல்லக்கா. பேச்சிராஜ் அண்ணாச்சிகிட்ட யாரும் வந்து கேக்க மாட்டாவ."

இரண்டு தடவை சொன்னேன், சார். முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை.